அறுபத்து மூன்றாம் பக்கத்து ஏழு

ஜூன் 4

அன்புள்ள அத்தைக்கு,

நடந்ததை ஒன்றுவிடாமல், உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை படியுங்கள்.

நூலகத்தில் நடக்கும் பழைய புத்தகக் கண்காட்சிக்கு, உங்கள் அலமாரியிலிருந்த மடக்கை (லாகரிதம்) அட்டவணைப் புத்தகத்தை நேற்று நூலகரிடம் கொடுத்தேன். அதற்குமுன், போன மாதம், அதைப் படித்துக்கொண்டிருந்தேன். (அட்டவணையைப் போய் யாராவது படிப்பார்களா என்று அம்மா கேட்டாள்.) ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிட எவ்வளவு கூடுகிறது என்று கழித்துக்கொண்டே வந்தேன். நாற்பத்து மூன்று, நாற்பத்து மூன்று என்று வந்தது, அறுபத்து மூன்றாம் பக்கத்தில் திடீரென்று முப்பத்தேழு, அடுத்தது நாற்பத்தொன்பது. கடைசி இலக்கத்தில் ஏழு வரவேண்டிய இடத்தில் ஒன்று அச்சாகியிருந்தது. உறுத்தலாக இருக்கக்கூடாதென்று மையில் தண்ணீர் கலந்து, பழைய அச்சைப்போல் மங்கலாக்கி, ஒன்றை ஏழாக்கினேன். உங்களுக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்தேன்.

நூலகர் நேராக அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார். "முதல் பதிப்பா இல்லையான்னு இந்தத் தப்பை வெச்சுத்தாம்மா கண்டுபிடிப்போம். ரெண்டாம் பதிப்புல திருத்திட்டாங்க" என்றார். பிறகு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து வாசகர் யாரோ திருத்தியிருக்கிறார், இது இன்னும் அபூர்வம் என்று பூரித்துப்போனார். அப்படியே விளக்க அட்டையில் எழுதி, கண்ணாடிப் பெட்டியின் நடுவில் வைத்துவிட்டார்.

அவரிடம் உண்மையைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "அவருக்கே தெரியல. நீ ஏன் வலியப் போய் மாட்டிக்கிற?" என்றாள்.

நான் என்ன செய்யட்டும்?

உங்கள்
கரையான்

ஜூன் 13

அன்புள்ள கரையானுக்கு,

இந்தப் பெயரை உனக்கு வைத்தபோது சும்மா விளையாட்டுக்குத்தான் வைத்தேன்.

அரைநாள் உன்மேல் கோபமாகவே இருந்தேன். பதினொரு வருஷம் தேடி, என்னிடமிருந்த ஆரம்பகாலக் கணினிக் கையேடுகளில் இரண்டைக் கொடுத்து மாற்றி வாங்கிய புத்தகம் அது. எங்களைப்போல் பழைய புத்தகம் சேகரிக்கிறவர்களுக்கு அச்சுத் தப்புதான் அடையாளம். அதை உனக்குச் சொல்லாமல் அலமாரிச் சாவியைக் கொடுத்தது என் தப்பு.

ஆனால் அந்த அட்டை பொய். இல்லாத ஒரு வாசகரை நம்பி நாளைக்கு யாராவது கட்டுரை எழுதுவார்கள். நூலகரிடம் நீயே போய்ச் சொல். உனக்காக நான் அவருக்கு எழுத மாட்டேன். சொன்னால் அலமாரி உன் பொறுப்பிலேயே இருக்கட்டும். முடியாதென்றால் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடு. அப்போதும் நான் உன் அத்தைதான், ஆனால் புத்தகங்களைப் பற்றி இனி நாம் பேசவேண்டாம்.

அன்புடன்,
அத்தை

ஜூன் 21

அன்புள்ள அத்தைக்கு,

சொல்லிவிட்டேன்.

பள்ளி விட்டதும் நேரே நூலகத்துக்குப் போனேன். கண்காட்சி மூடும் நேரம். "சார், அந்த ஏழு நான் போட்டது" என்றேன். அவர் சிரித்தார். மையில் எவ்வளவு தண்ணீர் கலந்தேன் என்று சொன்னபிறகு சிரிக்கவில்லை.

"முப்பது வருஷமா இதே வேலை பாக்குறேன். எட்டாங்கிளாஸ் பொண்ணு என்னை ஏமாத்திட்டியே" என்றார்.

"ஏமாத்தணும்னு செய்யல சார். ஆனா ஏழுதான் சரி."

எப்படித் தெரியும் என்று கேட்டார். காகிதம் வாங்கிக் கழித்துக் காட்டினேன். அவரும் ஒருமுறை தனியாகப் போட்டுப் பார்த்தார். ஏழுதான் வந்தது. "கணக்கு சரிம்மா. பேனாதான் தப்பு" என்று சொல்லி அட்டையைக் கிழித்தார். பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்துத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். இந்தக் கண்காட்சியில் இனி அதற்கு இடமில்லையாம். உங்களுக்கு அவரே எழுதுவதாகச் சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை, அத்தை. புத்தகம்தான் முன்பைவிடக் கனமாக இருந்தது.

நடுவில் காலியான இடம் தெரியாதபடி, பக்கத்திலிருந்த பழைய கணினி நிரல் கையேட்டை நகர்த்தி வைத்தார். கையேட்டின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். பெட்டியைப் பூட்டினார். பிறகு அவர் விளக்குகளை அணைத்தார், இருவரும் வெளியே வந்தோம்.

உங்கள்
கரையான்