கோபத்தோடு போட்ட அரிசி

இன்று காலை உலைக்கு அரிசி எடுக்கும்போது கை பட்டு அந்தப் பழைய பால்பவுடர் டப்பா சாய்ந்து, மூடி கழன்றது. உள்ளே காய்ந்த வேப்பிலை வாசனை. வண்டு வராமலிருக்க நீ போட்டது. உலை வைக்கும் முன் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியை அதில் போடுவாய். மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுபோவோம், இல்லாத குடும்பங்களுக்கு அங்கிருந்து கொடுப்பார்கள். நீ போன பிறகு அதில் ஒரு மணிகூட விழவில்லை.

ஜெபமும் அப்படித்தான். நீ படுக்கையில் கிடந்த மாதங்களில் நான் செய்யாத ஜெபமில்லை. கடைசியில் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு முழங்கால் போட்டால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. கோயிலில் எல்லோரும் எழுந்தால் எழுகிறேன், உட்கார்ந்தால் உட்காருகிறேன். போதகரிடம் சொல்ல வெட்கம். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

என் மனசு ஓரிடத்தில் நிற்காது என்பது உனக்குத் தெரியாததா? நம் பென்னலூரைச் சுற்றிக் கம்பெனிகள் வந்து, வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட நாம் பின்பக்கம் அறைகள் கட்டிய காலம். கோயிலில் பாட்டு நடக்கும், என் தலைக்குள் ஜல்லி லாரி ஓடும். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் உனக்குத் தெரிந்துவிடும்.

"மூணாஞ் சரணம் பாடச்சொல்லோ சிமெண்டு கடையிலதான இருந்தீங்க? மூஞ்சிலயே தெரிஞ்சுது."

"சிமெண்டு இல்ல, கம்பி," என்பேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வருவாய்.

ஆனால் இந்த நாட்களில் நான் போய்ப் போய் நிற்பது தொண்ணூற்றொன்றில்தான். மறைமலை நகரில் நான் வேலை பார்த்த கம்பெனி கதவைச் சாத்திய வருஷம். அப்போது டப்பாவில் அரிசி போடுவது நம் பாப்பாவின் வேலை. அவள் கையை உன் கைக்குள் வைத்து அள்ள வைப்பாய். பாதி டப்பாவுக்குள், பாதி தரையில். கோழிக்குக் கொண்டாட்டம். அந்த வருஷமே மஞ்சள் காமாலை வந்து பாப்பா போய்விட்டாள்.

சொந்தபந்தமெல்லாம் கிளம்பிய பிறகு நீ முதன்முறையாக அடுப்பு மூட்டினாய். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். முறத்தில் அரிசியைக் கொட்டினாய். பழக்கத்தில் கையைப் பக்கத்தில் நீட்டினாய், அவள் கையைப் பிடிக்க. அங்கே யாருமில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. அதைப் பார்த்த என் கண்ணை நான் என்ன செய்வது? பிறகு நீயே அள்ளி டப்பாவில் போட்டாய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கொழந்தைய எடுத்துக்கினவருக்கு அரிசி வேறயா? வேலையும் இல்லாம கீறோம்!"

நீ திரும்பவில்லை.

"நான் மட்டும் சந்தோஷமாவா போடறேன்? கோவமாத்தான் போடறேன். போடாம வுட்டா அவருக்கும் எனக்கும் பேச்சே இல்லாம பூடும்."

அதற்குப் பிறகு வெகுநாள் நீ பாடவில்லை. குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். கோயிலில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் தலையாட்டி மறுத்தாய். ஆனாலும் உலை வைத்த நாளிலெல்லாம் ஒரு பிடி விழுந்தது. டக்கென்று, வீசியெறிவதுபோல. விசுவாசி கலங்கமாட்டான் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். நீ கலங்கினாய், கத்தி அழுதாய், ஆனால் அவரை விடவில்லை. அவரும் உன்னை விடவில்லை என்று நீ பின்னாளில் சொல்வாய். எனக்கு அது அப்போதும் விளங்கவில்லை.

இதுவரை எழுதியிருந்தபோது கதவு தட்டும் சத்தம். நம் கடைசி அறையில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெண். புருஷன் இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்டில் இருக்கிறான். தோளில் குழந்தை, கண் செருகிக் கிடந்தது.

"ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன், தாத்தா. அது வாரதுக்குள்ள ஒரு ஜெபம் பண்ணுங்களேன். ஆச்சி இருந்தா பண்ணியிருப்பாவ."

போதகருக்கு போன் போடும்மா என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் கை குழந்தையின் நெற்றிக்குப் போய்விட்டது. அதே சூடு. பாப்பாவின் நெற்றியில் கடைசியாக நான் தொட்ட சூடு. அந்தப் பெண் கண்ணை மூடிக் காத்திருந்தாள். எனக்கு நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, உம்மேல எனக்குக் கோவம் தீரல. எங்க பாப்பாவ எடுத்துக்கினீர். எம் வூட்டுக்காரியயும் எடுத்துக்கினீர். இந்தக் கொழந்தைய வுட்டுடும்."

இப்படியொரு ஜெபத்தை அவள் கேட்டிருக்கமாட்டாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், மெதுவாக ஆமென் சொன்னாள். ஆட்டோ வந்தது, நானும் கூட ஏறினேன். குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். ஊசி போட்டிருக்கிறார்கள், நாளைக் காலையில்தான் சொல்வார்களாம். அவள் புருஷன் வந்து சேர்ந்ததும் நான் வீடு திரும்பி, மீதியை எழுதுகிறேன்.

போகும்போதும் வரும்போதும் என் வாய் ஓயவில்லை. உன் படுக்கை, பாப்பாவின் மஞ்சள் கண், எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். ஆமென் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. பேசி முடிக்கவில்லை.