ஏரியில் இறங்கமாட்டேன் என்றவன்

ஆஷ்காஷ், விஸ்கான்சின்
ஜனவரி 12, 1996

அன்புள்ள வெர்னாவுக்கு,

நான் நலம். உன் முழங்காலுக்கு அரிசோனா வெயில் ஒத்துக்கொள்கிறதா? நீ போன நவம்பரிலிருந்து பேச ஆளில்லாமல் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஊர்ச் செய்தி கேட்டாயே. ஏரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கெட்டியாக உறைந்துவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்து ஜனங்கள் தூக்கிப்போட்ட மரங்களைப் பொறுக்கிக்கொண்டு போய், மீன்பிடிச் சங்கத்தார் பனிமேல் வரிசையாக நட்டு, கார்கள் ஏரிமேல் ஓடப் பாதை போட்டாயிற்று. கதவுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் கிடையாது. மெயின் தெருவில் இன்னும் இரண்டு கடை மூடிக் கிடக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் இந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டையோடு ஆற்றுப் பாலம் தாண்டிக் குடிக்கப் போகிறார்கள். போன வெள்ளிக்கிழமை ஊர்கூடிச் சாப்பிடும் மீன் வறுவலுக்குப் போனேன். பக்கத்து வீட்டு மார்லிஸ், "வெர்னா எப்ப வர்றா? இல்ல, உன்னைத் தலைமுழுகிட்டாளா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். உன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சமாளித்தேன்.

நீ போகும்போது சொன்னதை மறக்கவில்லை. இந்த வருஷம் ஏரியில் இறங்க மாட்டேன். வருஷா வருஷம் ஏரிப் பனிமேல் இழுத்துப் போய் வைக்கும் என் மீன்பிடிக் கொட்டகை வீட்டுக்குப் பின்னால் பனி மூடிக் கிடக்கிறது. மார்லிஸின் புருஷன் கிளேட்டன், "என்னடா, அதுல கோழி வளக்கப் போறியா?" என்கிறான். சொல்லட்டும். நீ திரும்பி வா.

உன்,
ஹார்லன்

டூசான், அரிசோனா
ஜனவரி 25

அன்புள்ள ஹார்லன்,

கடிதம் கிடைத்தது. அக்கா வீட்டு வாசலில் ஆரஞ்சு காய்த்துத் தொங்குகிறது. வெயிலில் உட்கார்ந்து உரித்துத் தின்கிறேன். சொகுசுக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால்தான் நாக்கு நம்மூர் வறுவலைத் தேடுகிறது.

நேற்று ஒரு கூத்து. அக்கா காரை ஒரு வறண்ட ஆற்றுக்குள் இறக்கினாள். சக்கரம் இறங்கியதுமே என் கை தானாக பெல்ட்டைக் கழற்றி ஜன்னலைத் திறந்துவிட்டது. "ஏண்டி, பைத்தியமா உனக்கு? ஒரு சொட்டுத் தண்ணி இல்ல இங்க!" என்று கத்தினாள். ஏரிமேல் கார் போகும்போது பனி உடைந்தால் வெளியே நீந்த வேண்டுமே என்று நீ பழக்கிய பழக்கம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நீ ஓட்டிப் போன நம் வண்டியின் முன்சக்கரம் பனி உடைந்து உள்ளே போனதும், நான் கரையில் நின்று அலறியதும் அப்படியே கண்முன் வந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்று. பிப்ரவரியில் ஈட்டி மீன்பிடிப்பு தொடங்கும் அந்தச் சனிக்கிழமை வீட்டிலேயே இரு. அந்த மாதக் கடைசியில் வந்துவிடுகிறேன்.

வெர்னா

ஆஷ்காஷ்
பிப்ரவரி 11

வெர்னா,

சுற்றி வளைக்கவில்லை. நேற்று ஏரிக்குப் போய்விட்டேன்.

கிளேட்டனின் கூட்டாளிக்குக் காய்ச்சல். "சும்மா பேச்சுத் துணைக்கு வாடா, ஈட்டியைத் தொட வேணாம்" என்றான். இருட்டுக் கொட்டகையில் பனித் துளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் காபி ஊற்றத் திரும்பினான். அந்த நேரம் பார்த்துப் பச்சைத் தண்ணீருக்குள் ஒரு ராட்சத ஸ்டர்ஜன் மீன் மெதுவாக வந்தது. ஈட்டி எப்படி என் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. லைசென்ஸ் எப்படி வந்தது என்று கேட்காதே, வழக்கம்போல் வாங்கி வைத்திருந்தேன்.

என்னைவிட நீளம், வெர்னா! பத்து வருஷமாக வெறுங்கையோடு வந்தவன் நான். எடை போடுகிற இடத்தில் ஊரே கூடிவிட்டது. கடிதத்தோடு போட்டோ வைத்திருக்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வராமல் மட்டும் இருந்துவிடாதே. எனக்கு அந்தப் பயம்தான்.

ஹார்லன்

டூசான்
பிப்ரவரி 16

ஹார்லன்,

போட்டோ பார்த்தேன். மீன் லட்சணமாக இருக்கிறது. நீதான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாய்.

கன்னாபின்னாவென்று திட்டி ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், நீ அன்று வீட்டில் இருப்பாய் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. விடியற்காலையிலேயே எழுந்து வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா சந்தைக்கு இழுத்துப் போனாள். வியர்த்து வழிய, தக்காளிக் கடையில் நின்றபடி, நீ பனிக்கடியில் கிடப்பதாக நினைத்து அழுதுவிட்டேன். கடைக்காரர் பதறிப்போய், "அம்மா, விலை வேணா குறைச்சுக்கலாம்மா" என்றார். போன் போட்டிருக்கலாம். நீ எடுக்காமல் போனால் என்ன செய்வேன் என்று போடவில்லை. உன் கடிதம் வரும்வரை அப்படியே கிடந்தேன்.

இவ்வளவு தூரம் ஓடி வந்தும் பயம் என் கூடவே வந்துவிட்டது. அங்கே இருந்திருந்தால் சாயங்காலம் நீ கதவைத் தட்டியதும் தீர்ந்திருக்கும்.

வியாழக்கிழமை வருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியாதே, மன்னிக்கவில்லை. அடுத்த வருஷமும் நீ போவாய். நானும் கரையில் மார்லிஸோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து பயப்படுகிறேன். பயந்துதான் ஆக வேண்டும் என்றால், நான் கத்தினால் உனக்குக் கேட்கிற இடத்தில் இருந்து பயப்படுகிறேன்.

வெர்னா