சோதிக்காமல் இயக்கிய மின்னஞ்சல் விதியும் சகாயமேரியின் பணிநீக்கமும்

அனுப்புநர்:
ஜா. எவாஞ்சலின், பி.இ.,
திருமுல்லைவாயில்.

பெறுநர்:
தொழிலாளர் உதவி ஆணையர் அவர்கள்,
அம்பத்தூர்.

பொருள்: நிறைமதி பார்ட்ஸ் நிறுவனத்தில் திருமதி சகாயமேரியின் பணிநீக்கத்துக்குக் காரணம் என் பிழையே எனத் தெரிவித்தல் – அவரை மீண்டும் பணியமர்த்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. மண்ணூர்பேட்டையிலுள்ள மேற்படி நிறுவனத்தில் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். ஊழியர்களின் ஆதார் எண்கள் வெளியே போகாதிருக்க, பன்னிரண்டு இலக்க எண்கள் பத்துக்கு மேல் உள்ள மின்னஞ்சலைத் தானாக நிறுத்தி நிர்வாகத்துக்கு அறிக்கை அனுப்பும் விதியை நான் அமைத்தேன். முதல் இரண்டு வாரம் எதையும் நிறுத்தாமல், எதெல்லாம் சிக்குகிறது என்று மட்டும் பார்க்கும்படி எனக்கு உத்தரவு.

2. அந்தச் சோதனையை இன்று, நாளை என்று தள்ளிப்போட்டேன். கெடு முடிந்த ஜூன் 9 மாலை, என் பதினான்கு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று காப்பகத்திலிருந்து போன் வந்தது. விதியை நேரடியாக இயக்கி, 'சோதிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினேன். குழந்தையைச் சாக்காகச் சொல்லவில்லை அய்யா. அதற்கு முன் பதினான்கு நாள் இருந்தது.

3. எங்கள் உதிரிபாக எண்களும் பன்னிரண்டு இலக்கம்தான். அது என் புத்திக்கு எட்டவில்லை. டெஸ்பாட்ச் பிரிவில் சகாயமேரி அக்கா பதினொரு வருடமாக வாடிக்கையாளருக்குத் தினமும் அனுப்பும் உதிரிபாகப் பட்டியல் மறுநாளே சிக்கியது. அறிக்கையில் "43 ஆதார் எண்கள், வெளி முகவரி" என்றிருந்தது. அஞ்சலைத் திறந்தே பார்க்காமல், ஊழியர் விவரங்களை விற்றார் என்று வேலையைவிட்டு நீக்கினார்கள்.

4. செக்யூரிட்டி அவர் பையைத் துழாவியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "டெய்லி அனுப்பற லிஸ்ட்டுதானே எவா, இதுல இன்னா தப்பு கீது? நீ கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணு, நீயாச்சும் சொல்லேன்" என்று என்னைக் கேட்டார். எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. "தெரியலக்கா" என்றேன். பிரசவ விடுப்பு முடிந்து வந்த புதிதில், நான் பால் பீய்ச்சி எடுக்க டெஸ்பாட்ச் அறையை விட்டுக்கொடுத்து, கதவுக்கு வெளியே காவல் நின்றவர் அவர்.

5. அன்றே விதியைச் சத்தமில்லாமல் சோதனை நிலைக்கு மாற்றினேன். இரண்டு வாரத்தில் 212 அஞ்சல்கள் சிக்கின. ஒன்றில்கூட ஆதார் எண் இல்லை. அந்தப் பட்டியலை, எண்களை மறைத்து, இத்துடன் இணைத்துள்ளேன்.

ஆகவே, விசாரணைக்கு என்னையும் அழைத்து, அவர்மீதுள்ள திருட்டுப் பழியை நீக்கி மீண்டும் வேலையில் சேர்க்கவும், இனி சோதனை முடிவை இருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே இத்தகைய விதிகளை இயக்கவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். என்மீது எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்.

தங்களிடம் அளித்த தன் மனுவை, அதற்கு முன் அக்கா என்னிடம்தான் சரிபார்க்கக் கொடுத்தார். அதில் "யாரோ செய்த தவறு" என்று எழுதியிருந்தார். எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன். அந்த 'யாரோ' வரும் இடத்தில் தயவுசெய்து என் பெயரை எழுதிக்கொள்ளவும்.

இடம்: திருமுல்லைவாயில்
நாள்: 27.06.2025

இப்படிக்கு, தலைகுனிவுடன்,
ஜா. எவாஞ்சலின்