குடிலைச் சுற்றி ஓடிய ரயில்

சேசு மரி சூசை துணை

ரயில்வே குவார்ட்டர்ஸ்,
செங்கல்பட்டு.
2-1-1977

அன்பு மகள் அமலோற்பவத்துக்கு உன் நைனா சின்னையன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பொன்னியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே ஜெர்மனியில் நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். உடம்பு சுகம் என்று மட்டும்தான் எழுதுகிறேன், மனசு சுகம் என்று எழுத இந்தத் தடவை கூச்சமாக இருக்கிறது. நவம்பரில் நீ எழுதிய கடிதத்தில், ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், ஜனவரி கடைசிக்குள் சொல்ல வேண்டும், என் மகள் பொன்னி என்னைத் தேடுகிறாளா இல்லையா, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று கேட்டிருந்தாய். பொன்னி தேடவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், நீ தைரியமாகக் கையெழுத்துப் போடு என்று நான் உடனே பதில் எழுதிப் போட்டேன். அந்தப் பதில் தப்பு அமலு. எப்படித் தப்பு என்று எனக்குத் தெரியவந்த கதையைத்தான் ஒரு வாரமாக எழுத உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நீ அங்கே பேனாவை எடுப்பதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும்.

மற்ற விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். கோவளத்துச் சித்திக்கு முழங்கால் வலி, திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு வைத்தியர் கொடுத்த தைலத்தைப் பூசிக்கொண்டு வீடே நாறும்படி உட்கார்ந்திருக்கிறாள். சித்தப்பாவுக்குக் கல்பாக்கத்தில் கான்கிரீட் வேலை இன்னும் ஓடுகிறது. இந்த வருஷம் மழை போதும் போதும் என்று பெய்துவிட்டது, கொளவாய் ஏரி நிரம்பி நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் அம்மா, "ஏரிய பத்தி எழுதினது போதும், விஷயத்துக்கு வா" என்கிறாள். வருகிறேன்.

கிறிஸ்துமஸுக்குப் பொன்னிக்கு ஒரு சின்ன ரயில் பொம்மை வாங்கிக் கொடுங்கள் என்று நீதான் எழுதியிருந்தாய். டிசம்பர் முதல் வாரம் அவளையும் கூட்டிக்கொண்டு பாசஞ்சரில் பட்டணம் போய், மூர் மார்க்கெட்டில் பழைய விளையாட்டுச் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு ரயில் காட்டினார். ஒன்று சாவி கொடுத்தால் ஓடுகிற தகர ரயில், சிவப்பும் மஞ்சளும் அடித்தது, தண்டவாளமே வேண்டாம், தரையில் விட்டால் போதும். பொன்னி சாவியை முறுக்கி விட்டாள், அது கடை பெஞ்சுக்கு அடியில் புகுந்து ஓடியது, இவளும் பின்னாலேயே தவழ்ந்து போய்ப் பிடித்துக்கொண்டு வந்து சிரித்தாள். இன்னொன்று கரண்டில் ஓடுவது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் போகிற அவசரத்தில் விற்றுவிட்டுப் போனதாம், அட்டைப்பெட்டி ஓரம் கிழிந்திருந்தது, ஒரு ரயில் பெட்டிக்குக் கொக்கி இல்லை, அதனால்தான் என்னைப் போன்றவன் கைக்கு எட்டுகிற விலை. கறுப்பு எஞ்சின், இரண்டு பயணிகள் பெட்டி, ஒரு திறந்த கூட்ஸ் வண்டி, வளைந்த தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைத்த டிரான்ஸ்பார்மர். அதோடு ஒரு கைகாட்டி மரம் அமலு, விரல் நீளம்தான், அதற்கு ஒரு குட்டி லீவர், இழுத்தால் கை இறங்குகிறது. ஸ்டேஷன் கேபினில் இத்தனை வருஷம் சிக்னல் லீவர் இழுத்தவன் நான், அதைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டையும் வாங்க வசதி கிடையாது. குழந்தை எதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் கரண்டு ரயிலைக் கட்டச் சொன்னேன். அவள் அடம் பிடிக்கவில்லை. தகர ரயிலைத் துடைத்துப் பலகை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே உறுத்தியது. அட்டைப்பெட்டி மேல் உன் கடிதத் தபால் தலையில் இருப்பது போன்ற எழுத்து இருந்தது, ஜெர்மன் சரக்கு என்று கடைக்காரரும் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு நான், "இது சாதா ரயிலு இல்ல பொன்னி, உங்கம்மா கீற ஊர்லேர்ந்து வந்த ரயிலு" என்று சொன்னேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து, "நெசமாவா தாத்தா?" என்று கேட்டாள். நிஜம் என்றேன். வீடு வரும்வரை பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. ஒரு வார்த்தையில் குழந்தையைச் சமாதானம் பண்ணிவிட்டேன் என்று எனக்குப் பெருமை. சொன்னதை அன்றைக்கே மறந்தும் போனேன்.

நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் இந்த வருஷம் பெரிதாக வைத்தோம். கூடத்தில் பாதி இடம் அதற்கே போய்விட்டது. தட்டில் கேழ்வரகு முளைக்கவிட்டு வயல் வைத்தாள் உன் அம்மா, சித்தப்பா மாமல்லபுரத்துக் கடற்கரையிலிருந்து ஒரு சாக்கு மணல் கொண்டுவந்து போட்டார், அதன் மேல் தண்டவாளம். அங்கேதான் புத்தி கெட்டுப்போனேன். கடல் மணல் எஞ்சின் சக்கரத்துக்குள் புகுந்து புகுந்து அது நின்றுவிடும், நான் டியூட்டி முடிந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் குண்டூசியும் பஞ்சும் தேங்காய் எண்ணெயுமாகக் குனிந்து உட்கார்ந்துவிடுவேன். வெளியே ரயில், வீட்டிலும் ரயிலா என்று உன் அம்மா கேலி பண்ணினாள். பொன்னி பக்கத்தில் வந்தால் மணல் சிந்தும் என்று சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவளும் கோட்டுக்கு அந்தப் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், வண்டி விடட்டுமா என்று நான் கேட்க, லைன் கிளியர் என்று அவள் சொல்ல வேண்டும், அவளுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். அவள் பெயரைச் சொல்லி வாங்கிய ரயிலை ஒரு தடவை கூட அவளை ஓட்டவிடவில்லை. ஐம்பது வயசு தாண்டியவன் செய்கிற காரியமா இது?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடில் பார்க்க ஃபாதரையும் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் பூவராகவன் சாரையும் கூப்பிட்டிருந்தேன். குடிலை விட ரயிலைக் காட்டத்தான் கூப்பிட்டேன் என்பதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அவர்கள் வாசலுக்கு வந்ததும் நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த நேரத்தில் பொன்னி கோட்டைத் தாண்டிப் போய், குடிலிலிருந்து மாதா சுரூபத்தை எடுத்து அந்தத் திறந்த கூட்ஸ் வண்டியில் உட்காரவைத்து டிரான்ஸ்பார்மர் திருகை முழுக்கத் திருகிவிட்டாள். எல்லாரும் உள்ளே நுழைகிறோம், வண்டி பிய்த்துக்கொண்டு வருகிறது, வளைவில் அப்படியே கவிழ்ந்தது. எஞ்சின் மணலில் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தது, மாதா தரையில் விழுந்து கை உடைந்துவிட்டது. பூவராகவன் சார் விளையாட்டாகத்தான் சொன்னார், "என்ன சின்னையன், உங்க செக்‌ஷன்லயே வண்டி கவுந்துபோச்சே" என்று. ஃபாதரும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. நேரே போய்ப் பொன்னியைக் கன்னத்தில் அடித்துவிட்டேன். தாயைப் பிரிந்து எங்களை நம்பி இருக்கிற குழந்தையை, அத்தனை பேர் முன்னால், ஒரு பொம்மைக்காக அடித்தேன். இதையும் அந்தக் கையாலேதான் எழுதுகிறேன்.

அவள் அழவில்லை. உடைந்த கையைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஃபாதர்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மாதாவை ஏன் அம்மா ரயிலில் ஏற்றினாய் என்று தன்மையாகக் கேட்டார். அவள் குடிலைக் காட்டினாள். அங்கே வைக்கோலில் குழந்தை சேசு படுத்திருக்கிறார், பக்கத்தில் தாடியும் கோலுமாகச் சூசையப்பர் நிற்கிறார். "கொயந்த தாத்தாகூட கீது ஃபாதர், அவங்கம்மா ரயில்ல வந்துகினு கீறாங்க" என்றாள். பிறகு என்னைக் காட்டி, "அது அம்மா ஊரு ரயிலு, தாத்தாதான் சொன்னாரு" என்றாள். பூவராகவன் சார் உன் அம்மா கொடுத்த காபியைக் கீழே வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். ஃபாதர் என்னை ஒன்றும் கேட்கவில்லை, குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுக் கிளம்பினார். என்னைத் திட்டியிருந்தால் கூட அவ்வளவு கூசியிருக்காது.

அவர்கள் போன பிறகு உன் அம்மா அடுப்படியில் என்னை நிறுத்திவைத்துக் கேட்டாள். "உனுக்கு ஒண்ணுமே தெரியாதாய்யா? சாயங்காலப் பாசஞ்சரு வர்ற நேரம் ஆனா டெய்லி கேட்டாண்ட போய் நின்னுகினு கீறா. எறங்கி வர்ற சனம் அத்தினி பேரையும் பாத்துட்டுத்தான் உள்ள வர்றா. சொன்னா நீ கத்துவ, பொண்ணு அங்க அழுவும்னு நான் வாய மூடிகினு கீறேன்" என்றாள். அமலு, அந்தப் பாசஞ்சருக்கு சிக்னல் இறக்குகிறவனே நான்தான். கேபினில் நின்று ஒவ்வொரு சாயங்காலமும் அந்த வண்டியை உள்ளே விட்டுக்கொண்டு, குழந்தை உன்னைத் தேடவில்லை என்று உனக்கு எழுதியிருக்கிறேன். மணி அடிக்காவிட்டால் வண்டி இல்லை என்று பழகியவன், அழாவிட்டால் ஏக்கம் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் அரைகுறை. நீ வந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாயோ என்ற பயம் எனக்குள் இருந்தது. மாப்பிள்ளை தவறிய துக்கத்தில் நீ அவளை எங்களிடம் விட்டுப் போனாய், இந்த இரண்டரை வருஷத்தில் அவள் இல்லாத வீட்டை எனக்கு நினைக்கவே முடியவில்லை. அதனால்தான் நன்றாக விசாரிக்காமலே அவ்வளவு வேகமாகப் பதில் எழுதினேன்.

மறுநாள் காலையில் ஈரத்துணி எடுத்து அந்தச் சாக்பீஸ் கோட்டை அழித்தேன். பொன்னியைக் கூப்பிட்டுத் திருகை அவள் கையில் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நிற்கிறாள். தரையில் உட்கார்ந்து, தாத்தா அடித்தது தப்பு, என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். என் வயசுக்கு யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை, உன் அம்மாவிடம் கூடக் கேட்டதில்லை. அவள், "பரவால்ல தாத்தா, நான்தான் வேகமா வுட்டுட்டேன், இனிமே அம்மாவ மெதுவா இட்டுகினு வர்றேன்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். உன்னைக் கூட்டிவருகிற வேலையை ஒரு ஆறு வயசுக் குழந்தை தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். உன்னைப் பெற்ற நான் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது.

அதனால் நான் முன்பு எழுதியதைக் கிழித்துப் போடு. இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடாதே. வந்து இங்கேயே ஆஸ்பத்திரி வேலை பார்த்தாலும் சரி, அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனாலும் சரி, நாங்கள் தாங்கிக்கொள்வோம், குழந்தை தாங்கிக்கொள்வதை விட அது ஒன்றும் பெரிதில்லை. என் மேல் கோபம் வந்தால் வரட்டும், அது நியாயம்தான். அதற்காகச் சாப்பிடாமல் நைட் டியூட்டிக்குப் போகாதே, பனியில் காலுக்குக் கம்பளி உறை போடாமல் வெளியே இறங்காதே என்று அம்மா சொல்லச் சொல்கிறாள். மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், நீ வருகிற வழியெல்லாம் காவல் சம்மனசு கூட இருக்கட்டும்.

ஒரே ஒரு விஷயம் மறக்காதே. பதிலை இந்தத் தடவை எனக்கு எழுதாதே, பொன்னி பெயருக்கு எழுது. பெரிய பெரிய எழுத்தாக எழுது, எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறாள். வருகிற தேதி நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் தேதி போடு. பெரியவர்கள் எதைச் சொன்னாலும் அவள் அப்படியே நம்பிவிடுகிறாள்.

இப்படிக்கு,
தலை குனிந்து எழுதும் உன் நைனா,
சின்னையன்