இரண்டு வாய்ச் சூளை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மகன், மருமகள், பேத்தி நலமா? "ரெண்டே மாசம்டி, பேத்தியைப் பாத்துட்டு ஓடி வந்துடறேன்" என்றாய். ஐந்து மாதம் ஆகிறது. சுடாத குவளைகள் அலமாரி நிறைந்து, உன் கட்டிலிலும் உட்கார்ந்திருக்கின்றன. மெஸ்காரர் தினமும் கேட்கிறார்: "என்னம்மா, டீக் குவளை எப்ப வரும்? உங்க அக்கா வந்தப்புறமா, நான் போனப்புறமா?"

இந்தப் பக்க வாயில் நான், சூளைக்கு மறுபக்க வாயில் நீ, ஒரே சமயத்தில் விறகு தள்ளினால்தான் நம் சூளையில் சூடு சமமாக ஏறும். ஒருத்தியாய் எப்படி எரிப்பேன்? தேதி சொல்.

உன் தங்கை

மார்ச் 19

என் கண்ணு,

வருவேன், வருவேன். பேத்திக்குப் பல் முளைக்கிறது, எனக்கோ முதுகுவலி. நான் கொண்டுவந்த கிண்ணத்தை மருமகள் கண்ணாடி அலமாரியில் வைத்து, மேலே குட்டி விளக்கும் போட்டுவிட்டாள். "சாப்பிடறதுக்கும்மா அது" என்றால், "ஐயோ அத்தை, உடைஞ்சுட்டா?" என்கிறாள். அதைத் தாண்டும்போதெல்லாம், 'அடி, உனக்கு வந்த வாழ்வு' என்று சொல்லிக்கொள்கிறேன்.

மழைக்கு முன் வந்துவிடுவேன். அதுவரை சூளையைத் தொடாதே. விறகை மூடி வை.

அக்கா

மே 2

அக்கா,

தொட்டுவிட்டேன்.

இரண்டு வாய்க்கும் நானே ஓடுவதாகத்தான் திட்டம். என் பக்கம் விறகைத் தள்ளிவிட்டு, "போட்டாச்சா?" என்று குரல் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நின்றேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். நீ "போட்டாச்சு" என்று சொல்லாமல் எனக்குக் கால் நகரவில்லை. நினைவு வந்து ஓடுவதற்குள் உன் பக்கம் சூடு இறங்கிவிட்டது. ஒரு தடவை இல்லை, அன்று முழுக்க இப்படித்தான்.

உன் பக்கத்துக் குவளைகள் சரியாக வேகவில்லை, ஊற்றினால் கசிகின்றன. "நான் குடிக்கறதுக்குள்ள குவளையே குடிச்சுடுதும்மா" என்று மெஸ்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வருகிறாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

தங்கை

மே 20

கண்ணு,

நான் வரப்போவதில்லை. பேத்தி காரணமில்லை, முதுகுவலியும் காரணமில்லை. இங்கே காலையில் எழுந்ததும் கையை மோந்துபார்க்கிறேன். புகை வாசனை இல்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நெருப்பென்றால் எனக்கு என்றுமே பயம். உனக்காகத்தான் அந்தப் பக்கம் நின்றேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும். கோபித்துக்கொள். ஆனால் எழுது.

அக்கா

ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

கோபித்துக்கொண்டேன். அதனால்தான் இவ்வளவு நாள்.

சூளையைப் பிரித்துவிட்டேன். அதன் செங்கற்களில் பாதியை வைத்து, ஒரே வாயோடு சின்னதாய் ஒன்று கட்டினேன். ஐம்பது குவளை பிடிக்கும். நேற்றுத் திறந்தேன். எல்லாம் வெந்திருந்தன. ஒன்றில் தண்ணீர் ஊற்றி, காலையிலிருந்து இந்தத் தாளின் மேல்தான் வைத்திருந்தேன். நன்றாகப் பார், ஈரம் பட்ட தடம் இருக்கிறதா?

அந்தக் குவளையையே உனக்கு அனுப்புகிறேன். அலமாரிக்குப் போகவிடாதே, காபி குடி. நீ பயந்து பயந்து அங்கே நின்றதை இருபத்திரண்டு வருடம் நான் பார்க்கவே இல்லை. குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

இந்தத் தடவையும் வாய்தவறி "போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நானே "போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டையை எடுத்தேன்.

தங்கை