சந்துப் பக்கம் வாசல்

என் அருமை மச்சான்,

நீ இருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பாய். நான்தான் ஒரு வாரமாக முழிக்கிறேன். திருப்போரூர் மனையில் அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் வாசக்கால் வைக்க நேரம் குறித்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

எல்லாம் உன் குசும்பு. செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சிந்து சமவெளி நடத்தியதோடு விட்டாயா? மொகஞ்சதாரோவில் பெரிய தெருவைப் பார்த்து வாசல் இருக்காது, சந்துக்குள்தான் இருக்கும் என்றாய். நம் வீடும் அப்படித்தான் என்று மனையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டாய். கொஞ்ச நாளில் நெஞ்சுவலி என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. கோட்டையும் மழை அடித்துக்கொண்டு போய்விட்டது.

மேஸ்திரி தலையைச் சொறிகிறார். "இன்னா சார், ரோட்ட வுட்டுட்டு சந்துல வாசலா? வூடு கோவிச்சிக்கினு முதுகு காட்டுற மாதிரி கீது."

அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. உன் பெண்டாட்டி வள்ளி என் தங்கச்சியும் அல்லவா? இனி அங்கே தனியாக இருக்கப்போகிறவள். வாசல் ரோட்டில் போகிற நாலு பேர் கண்ணில் பட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் உன் ஆசையை மீற நான் யார்?

அந்த மொகஞ்சதாரோக்காரர்கள் ஏன் அப்படிக் கட்டினார்கள்? தூசிக்காகவா, பயத்திலா? அன்றைக்கே கேட்டதற்கு, அவர்கள் எழுத்தையே இன்னும் யாரும் படிக்கவில்லை என்று சிரித்தாய். அவர்களை விடு. உன்னோடு ஒன்றாகத் தின்று வளர்ந்தவன் நான். நீ நிஜமாகச் சொன்னாயா, விளையாட்டுக்கா என்று எனக்கே புரியவில்லையே.

நேற்று வள்ளியிடமே கேட்டுவிட்டேன்.

"உயிரோட இருந்தா சண்ட போட்டு ரோட்டுப் பக்கம் மாத்தியிருப்பேண்ணா. நான் கத்தினா அவரு வுட்டுக் குடுத்துடுவாரு. இப்ப யாருகிட்ட போய் கத்துறது?"

கேட்டதும் அழுதுவிட்டேன்.

வாசக்காலுக்கு அவள் மஞ்சள் பூசக் கூடாதென்று சொந்தக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். அவள்தான் பூசுவாள், மச்சான். அதற்கு முன்னால் மனையில் நின்று உன்னோடு ஒரு தரம் வாய்விட்டுச் சண்டை போடட்டும்; யாரையும் தடுக்க விடமாட்டேன். பிறகு அவள் கை காட்டுகிற பக்கம் வாசக்காலை நான் தூக்கிப் பிடிக்கிறேன். எப்போதும் போல நீ விட்டுக்கொடுத்தாயா என்பது மட்டும் எனக்குத் தெரியப்போவதில்லை.

உன் மச்சான்,
வள்ளியின் அண்ணன் ரவி