நூற்றிருபது கைப்பேசிகளும் நான்காவது சரணமும்

அன்பு மகள் மைகெனுக்கு,

முழங்கால் வலியைத் தள்ளிவிட்டால் நானும் அம்மாவும் சௌக்கியம், அந்த நூக் நகரத்துக் குளிரில் நீயும் கம்பளிக் காலுறையைக் கழற்றாமல் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எங்கள் ஐம்பதாம் கல்யாண நாள் விருந்து முடிந்து நான்கு நாளாகியும் வீட்டில் கேக் தீரவில்லை. நீ எழுதிய பாட்டை விருந்தாளிகள் நூற்றிருபது பேரும் கைப்பேசியில் திறந்துவைத்து, வர முடியாத நீ அங்கிருந்தே நேரலையில், கூடத்துத் திரையில் எடுத்துக்கொடுக்கக் கூடவே பாட வேண்டும் என்பதுதானே ஏற்பாடு. "அவ பாட்டு இல்லாம நான் நாற்காலியில ஏற மாட்டேன், முத்தமும் கிடையாது" என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். எல்லாரும் தட்டில் கரண்டியால் தட்டும்போது நாங்கள் நாற்காலியில் ஏறி முத்தமிடாவிட்டால் நம் ஊரில் தலைகாட்ட முடியுமா?

ஊர்க்கூடத்து வைஃபை பெட்டி பழசு, ஆள் சேர்ந்தால் திணறும். நான் சும்மா இருப்பேனா, பரணிலிருந்து அதே காலத்துப் பெட்டிகள் இரண்டைக் கொண்டுபோய் மாட்டினேன். முந்தின நாள் ஒத்திகையில் முப்பது பேருக்கே எல்லாம் நின்றுவிட்டது. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் யூத்தே வந்து, "என்ன பிரேபென், மூணும் ஒரே அலைவரிசை, ஒண்ணு பேசினா மத்த ரெண்டும் வாயை மூடிட்டு நிக்குது, நெரிசலைக் கூட்டிட்டீங்களே" என்று என் மானத்தை வாங்கிவிட்டுத் தன் வீட்டுப் புதுப் பெட்டியைக் கழற்றிவந்து மாட்டினாள். பழசு ஒரு நடைக்கு ஒரு கோப்பைக் காப்பிதான் கொண்டுபோகுமாம், புதுசு ஒரே தட்டில் பல பேருக்குச் சேர்த்துக் கொண்டுபோகுமாம். புதுக் கைப்பேசிகளுக்குக் கூட்டமில்லாத தனிப் பாதைகூட உண்டாம். என் கைப்பேசிக்கு அந்தப் பாக்கியம் இல்லையாம், போகட்டும்.

விருந்தன்று மூன்று சரணம் கூடமே அதிர்ந்தது. அம்மாவைப் பற்றிய நான்காவதில் நீ வாய் திறந்தபடி திரையில் அசையாமல் நின்றாய். "போச்சு, நின்னுடுச்சு!" என்று எல்லாரும் கத்த, நான் யூத்தேயை எரித்துவிடுவதுபோல் பார்த்தேன். அம்மா மட்டும், "நெட்டு ஒண்ணும் நிக்கலை, என் பொண்ணு அழறா" என்றாள். அப்போதுதான் உன் தாடையிலிருந்து ஒரு சொட்டு விழுந்ததைப் பார்த்தேன். யாரும் தட்டைத் தட்டவில்லை, அம்மாவே நாற்காலியில் ஏறித் திரையில் உன் கன்னத்தில் முத்தமிட்டாள். எனக்கு அப்புறம்தான் கிடைத்தது.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், மகளே. அந்த நான்காவது சரணத்தை முழுசாகப் பாடி அனுப்ப மறந்துவிடாதே, அம்மா தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
வரிசையில் இரண்டாவதாக நின்ற உன் அப்பா
பிரேபென்